மாமாவுக்கு இனி சிகிச்சை இல்லையாம்: யாரைக் கேட்டு முடிவெடுப்பது?

கொக்குவில் மருமகள் | திங்கள், இரவு 11.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மாமாவுக்கு 78 வயது. ஓய்வுபெற்ற தபாலதிபர். புரொஸ்டேட் புற்றுநோய், முள்ளந்தண்டு வரைக்கும் பரவிவிட்டது. போன கிழமை வைத்தியர் என்னையும் என் கணவரையும் தனியாகக் கூப்பிட்டு, நோயைக் குறைக்கிற சிகிச்சை இனிப் பலன் தராது, வலியைக் கட்டுப்படுத்தி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். மாமா வெளியே வாங்கில் இருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "எலும்புத் தேய்வு, மெல்லச் சரிவரும்" என்று வீட்டில் ஒரு கதை ஓடுகிறது.

கனடாவில் இருக்கும் மச்சாள், உடனே கொழும்புக்கு ஏற்றி ஒரு தனியார் வைத்தியசாலையில் காட்டச் சொல்கிறார். காசு தான் அனுப்புவாராம். சுவிஸில் இருக்கும் மூத்த அத்தான், "அப்பாவுக்குத் தெரிஞ்சால் அன்றைக்கே உடைஞ்சு போவார், ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது" என்கிறார். என்னவர் இரண்டு பக்கத்துக்கும் ஓம் சொல்கிறார். இரவு இரண்டு மணிக்கு மாமா முனகுவது எனக்குத்தான் கேட்கிறது.

மோர்பின் குளிசை தந்திருக்கிறார்கள். பழகிப்போய்விடும் என்று பக்கத்து வீட்டு அன்ரி பயப்படுத்தியதால் அரைக் குளிசைதான் கொடுக்கிறோம். இன்னொரு பயமும் இருக்கிறது. வீட்டில் மோசம் போனால் பொலிஸ், போஸ்ட்மோட்டம் என்று அலைய வேண்டி வருமா?

மருமகளுக்கு இதில் சொல்லுரிமை உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எழுதுங்கோ.


ஓய்வுத் தாதி | செவ்வாய், காலை 5.10

பிள்ளை, மற்றதெல்லாம் நிற்கட்டும். முதலில் வலி.

அரைக் குளிசை கொடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கோ. எழுதித் தந்த அளவை, எழுதித் தந்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். சாதாரண மோர்பின் குளிசை நாலு மணித்தியாலம்தான் வேலை செய்யும். வலி வந்த பிறகு கொடுக்கிற மருந்தில்லை அது, வலி வராமல் பார்ப்பதற்குக் கொடுப்பது. புற்றுநோய் வலிக்கு அளவோடு கொடுக்கும்போது போதைக்கு அடிமையாவார் என்ற பயம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1986 லேயே வலி மருந்துக்குப் படிமுறை வகுத்துவிட்டது. கடும் வலிக்கு வாயால் கொடுக்கும் மோர்பின் அதில் கடைசிப் படியில் நிற்கிறது.

முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி வழிவார், சிலருக்குக் குமட்டும், அது போய்விடும். போகாதது மலச்சிக்கல். அதற்கு மருந்து சேர்த்துத் தரவில்லை என்றால் நீங்களே கேட்டு வாங்குங்கோ. வாட்டில் நான் கண்ட மோர்பின் முறைப்பாட்டில் பாதிக்கு மேல் வயிற்றுப் பிரச்சினைதான், ஆனால் வெளியே வந்து சொல்லும்போது "மோர்பின் ஒத்துவரவில்லை" என்பார்கள். எழுப்பியும் எழும்பாத தூக்கம், மூச்சு மிக மெதுவாவது, இவை வந்தால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே வைத்தியரைப் பிடியுங்கோ. சலரோகம் முற்றிச் சிறுநீரகம் பழுதாக இருந்தால் அதையும் முதலே சொல்லவேண்டும், மருந்து உடம்பில் தேங்கும்.

இதில் குடும்பத்தின் கடமை ஒன்றும் இருக்கிறது. 1929 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து இது. அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை ஒரே ஆள் வைத்திருங்கோ. எத்தனை மணிக்கு எத்தனை குளிசை என்று கொப்பியில் எழுதுங்கோ. பக்கத்து வீட்டு அன்ரிக்கு முழங்கால் நோ என்று ஒன்று கிள்ளிக் கொடுக்கக் கூடாது. மிஞ்சினால் வைத்தியசாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், நாட்டு வைத்தியம், சித்த மருந்து ஏதும் பக்கத்தால் நடக்கிறதென்றால் மறைக்காதேங்கோ. ஏச்சு விழும்தான். விழட்டும்.


உடுவில் வாத்தி | செவ்வாய், காலை 7.30

அக்கா மருந்தைச் சொல்லிவிட்டார். நான் உரிமையைச் சொல்கிறேன்.

சுயநினைவோடு இருக்கிற வளர்ந்த மனிதருடைய உடம்பைப் பற்றிய முடிவு அவருடையது. மகனுடையதும் இல்லை, கனடா மகளுடையதும் இல்லை, வைத்தியருடையதும் இல்லை. சிகிச்சை வேண்டும் என்பது போல வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குத்தான் உரிமை. நோயாளி வாங்கில் இருக்க, குடும்பத்தை உள்ளே கூப்பிட்டுச் சொல்வது எங்களூரில் அன்பு என்றே பெயர் எடுத்துவிட்டது. 78 வயது வரை வீட்டையும் கந்தோரையும் நடத்திய மனிதரை ஒரே நாளில் சின்னப் பிள்ளை ஆக்கிவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் கடைசி நாளில் அரை மயக்கத்தில் கிடந்தபோது பெருவிரலில் மை பூசி உறுதியில் அடையாளம் எடுத்தார்கள். பத்து வருட வழக்கு, இரண்டு குடும்பம் இன்றும் பேச்சில்லை. மரணசாசனம் எழுதுவதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சியும் வேண்டும், எழுதுகிறவருக்கு நினைவு தெளிவாக இருக்கவும் வேண்டும். உண்மையைச் சொன்னால்தான் தெளிவாக இருக்கும்போதே அதைச் செய்யலாம். மறைத்து வைத்தால் பெருவிரல்தான் மிஞ்சும்.


ரொறன்ரோ சின்னவன் | செவ்வாய், மாலை 6.05

எல்லோரும் அந்த மச்சாளைக் குறை சொல்லப் போகிறீர்கள், அதற்கு முதல் நான் ஒன்று சொல்கிறேன். தூரத்தில் இருந்து தொலைபேசியில் அப்பாவின் குரல் மெலிவதைக் கேட்பது எப்படி என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. டிக்கெட் போடுவதா, இன்னும் ஒரு மாதம் பார்ப்பதா, வேலையில் லீவு தருவார்களா, இதெல்லாம் தலைக்குள் ஓடும். காசு அனுப்புவது ஒன்றுதான் கையில் இருக்கிறது. "கொழும்புக்குக் கொண்டுபோங்கோ" என்று அவர் சொல்வதற்கு "நான் அங்கே இல்லையே" என்றுதான் அர்த்தம்.

அதோடு, ஒரே வைத்தியர் சொன்னதை வைத்து முடிவெடுப்பது சரியா? இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதும் உரிமைதானே?


நியூஜேர்சி பெறாமகன் | செவ்வாய், இரவு 8.20

சின்னவன், கோபிக்காதேங்கோ. அமெரிக்க வைத்தியர்கள் இதற்கு "கலிபோர்னியாவில் இருந்து வந்த மகள்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தூரத்தில் இருந்து கடைசி நேரம் வந்து இறங்கி, எல்லாவற்றையும் செய் என்று நிற்கும் பிள்ளை. கலிபோர்னியாவில் இருப்பவர்கள் அதையே "நியூயோர்க் மகள்" என்கிறார்களாம். ஆக இது எங்கள் சனத்தின் தனிச் சொத்தில்லை.

என் சித்தப்பா இங்கே ஹொஸ்பிஸ், அதாவது கடைசிக்காலப் பராமரிப்பில்தான் போனார். முதல் நாள் தாதி வந்ததும் மருந்துப் பையைத் திறக்கவில்லை. உரிமைகள், பொறுப்புகள் என்று ஒரு தாளை வாசித்து விளங்கப்படுத்திக் கையெழுத்து வாங்கினார். நோயாளிக்கு விளங்கும் மொழியில் வாயாலும் எழுத்தாலும் சொல்லவேண்டும் என்பது அங்கே சட்டம். நோய் தன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்குள் முடிவு என்று இரண்டு வைத்தியர்கள் உறுதிப்படுத்தினால்தான் மெடிக்கெயார் என்ற அரசாங்கக் காப்புறுதியில் இதில் சேரலாம். சேர்ந்த பிறகு மனம் மாறினால் எந்த நாளும் விலகிப் பழைய சிகிச்சைக்குத் திரும்பலாம். சித்தப்பாவுக்கு அந்த "விலகலாம்" என்ற வரிதான் பிடித்தது. கதவு பூட்டவில்லை என்று தெரிந்தபின் நிம்மதியாகப் படுத்தார்.

பார்க்கிற ஆளுக்கும் அதில் இடம் உண்டு. பராமரிப்பவர் களைத்துப் போனால், ஒரு தடவையில் ஐந்து நாள் வரை நோயாளியை வெளியே ஒரு நிலையத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சித்தி அந்த ஐந்து நாளில் முதல் இரண்டு நாளும் நித்திரைதான்.


ஓய்வுத் தாதி | புதன், காலை 5.00

இங்கே அந்த ஐந்து நாள் கிடைக்காது பிள்ளை. மகரகமவில் சாந்த செவன என்ற ஹொஸ்பிஸ் இருக்கிறது, ஆனால் கொக்குவிலில் இருந்து அது எவ்வளவு தூரம். எங்களுக்குத் தெல்லிப்பளைதான். 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்தார்களே, அந்தக் காசில் எழும்பிய புற்றுநோய் வைத்தியசாலை. அதற்கு முதல் கீமோவுக்கும் கதிருக்கும் மகரகமவுக்கு பஸ் ஏறிய சனத்தை நான் கண்டிருக்கிறேன். சண்டையில் ஏ9 வீதி பூட்டியிருந்த காலத்தில் பஸ்ஸும் இல்லை.

சின்னவன் கேட்டது நியாயம். இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தால் அது அவர்கள் பிழை. ஆனால் அதற்கு ஆளை வானில் எட்டு மணித்தியாலம் குலுக்கிக்கொண்டு போகவேண்டியதில்லை. டயக்னோசிஸ் கார்ட், ஸ்கான் முடிவுகள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினாலே பாதி வேலை முடியும்.

இன்னொன்று. "இனி சிகிச்சை இல்லை" என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள், அந்த வசனமே பிழை. நோயை மாற்றும் சிகிச்சைதான் முடிந்தது. எலும்பில் பரவிய வலிக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிர்ச் சிகிச்சைகூடப் பலருக்கு நல்ல சுகம் தரும். அது பொருந்துமா என்று கேளுங்கோ. முள்ளந்தண்டில் பரவியவருக்குத் திடீரெனக் கால் பெலமிழந்தாலோ, சலம் கட்டுப்பட்டாலோ, இடுப்புக்குக் கீழே விறைத்தாலோ அன்றைக்கே வைத்தியசாலை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் வைத்தியசாலைப் படி மிதிப்பதில்லை என்று அர்த்தமில்லை.

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரத் தாதி வீட்டுக்கு வருவாரா என்று விசாரியுங்கோ. வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், நாயைக் கட்ட வேண்டும். சிரிக்காதேங்கோ, எனக்குக் கெண்டைக்காலில் தழும்பு இருக்கிறது.


பாசையூர் கடற்காற்று | புதன், மதியம் 1.15

நாங்கள் அம்மாவிடம் கடைசி வரை சொல்லவில்லை. சுவாமியாரை நோயில் பூசுதலுக்குக் கூப்பிடவும் பயம். அவரைக் கண்டால் அம்மாவுக்கு விளங்கிவிடுமே என்று. கடைசியில் நினைவு தப்பின பிறகுதான் சுவாமியார் வந்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போன மனுசி, ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போனார். அது அவருடைய உரிமை, நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஐந்து பிள்ளைகளும் சேர்ந்துதான்.

அத்தானிடம் இதைச் சொல்லுங்கோ, வேணுமென்றால் இந்தப் பதிவையே காட்டுங்கோ.


நல்லூர் வெயில் | புதன், மாலை 4.40

எதிர்ப்பக்கமும் ஒருவர் சொல்லவேண்டாமா? என் பெரியப்பா "எனக்கு ஒன்றும் சொல்லாதே, மகனிடம் சொல்லு" என்று வைத்தியரிடமே சொன்னார். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒரு மனிதருக்கு உரிமை உண்டல்லவா? உண்மை உண்மை என்று எல்லோருடைய தலையிலும் போட்டு உடைக்கத் தேவையில்லை.


ஓய்வுத் தாதி | புதன், மாலை 6.30

உண்டு தம்பி. ஆனால் உங்கள் பெரியப்பா அதைத் தன் வாயால் சொன்னார். அவருக்காக வேறு யாரும் சொல்லவில்லை.

நாங்கள் செய்வது இப்படி. கேட்டுப் பார்ப்பது. "உங்களுக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீங்கள்?" அவர் பதிலைப் பார்த்து, "இன்னும் விவரமாகத் தெரிஞ்சுகொள்ள விருப்பமோ, பிள்ளைகளோடு கதைச்சால் போதுமோ?" இந்த இரண்டு கேள்வியும்தான். அதற்குப் பிறகு அவர் போகிற பாதையில் பின்னால் போகவேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் எனக்கும் பழகக் கஷ்டமாக இருந்தது.


விதானையார் மகன் | புதன், இரவு 9.00

கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா கிராம அலுவலராக இருந்தவர், இந்தப் படிவங்களோடுதான் நான் வளர்ந்தேன்.

தெரிந்த நோயில், சிகிச்சையில் இருந்தவர் வீட்டில் காலமானால் அது இயற்கை மரணம். கிராம அலுவலருக்கு அறிவித்து அவருடைய அறிக்கையை எடுத்து, இறப்பு நிகழ்ந்த பிரிவின் பதிவாளரிடம் ஐந்து நாளுக்குள் பதியவேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவது திடீர் மரணத்துக்கும் சந்தேகமான மரணத்துக்கும். அதனால்தான் டயக்னோசிஸ் கார்ட்டும் கிளினிக் கொப்பியும் ஒரே உறையில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த லாச்சியில் இருக்கவேண்டும். செத்தவீட்டு அமளியில் தேடினால் கிடைக்காது. தேசிய அடையாள அட்டையும் அதே உறையில்.

இன்னொரு விடயம், கதைக்கக் கூச்சப்படுவது. கடைசி நேரத்தில் மூச்சு இழுக்கும்போது பதறிப்போய் யாராவது 1990 அம்புலன்சுக்கு அடிப்பார்கள். அவர்கள் வந்தால் தங்கள் கடமையைச் செய்வார்கள், ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். வீட்டில்தான் கண் மூட விருப்பம் என்று அவர் சொன்னால், அதை எல்லோருக்கும் முதலே சொல்லி வைக்கவேண்டும். முக்கியமாக, அந்த நேரம் வீட்டில் நிற்கப் போகும் ஆளுக்கு.


கொக்குவில் மருமகள் | வெள்ளி, இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக எழுதவில்லை, ஏனென்றால் நிறைய நடந்துவிட்டது.

செவ்வாயில் இருந்து முழுக் குளிசை. புதன் இரவு மாமா முனகவில்லை. முனகல் கேட்காமல் எனக்குப் பயம் வந்து மூன்று தரம் எழும்பிப் போய் மூச்சுப் பார்த்தேன்.

வியாழன் காலை விறாந்தையில் தேத்தண்ணி கொடுக்கும்போது ஓய்வுத் தாதி அக்கா சொன்ன முதல் கேள்வியைக் கேட்டேன். என்னவர் வேலைக்குப் போயிருந்தார், வேணுமென்றுதான் அந்த நேரம் பார்த்தேன். மாமா கோப்பையை வைத்துவிட்டு, "மெட்டாஸ்டாசிஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று நினைச்சீங்களோ பிள்ளை?" என்றார். நோய் பரவிவிட்டது என்பதைத்தான் அந்தச் சொல்லால் எழுதியிருந்தார்கள், அந்தக் கிளினிக் கொப்பியை அவரிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறோம்! நாற்பது வருடம் மற்றவர்களுடைய தந்தியை வாசித்த மனிதர். மூன்று மாதமாகத் தெரியுமாம். நாங்கள் தாங்கமாட்டோம் என்று அவர் எங்களிடம் மறைத்திருக்கிறார். வலியையும் அப்படித்தான். "கூடச் சொன்னால் நீங்கள் பயந்து கொழும்புக்கு ஏத்திப் போடுவீங்கள்." கிளினிக்கில் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டதற்கு எப்போதும் மூன்று என்றே சொல்லியிருக்கிறார். எட்டாம்.


ஓய்வுத் தாதி | வெள்ளி, இரவு 10.40

பார்த்தீங்களோ. நோயாளிக்கும் ஒரு கடமை இருக்கிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வலியை உள்ளபடி சொல்வது. அவர் மூன்று என்றால் மூன்றுக்குத்தானே மருந்து எழுதுவார்கள். அடுத்த கிளினிக்கில் எட்டு என்று அவரையே சொல்லவையுங்கோ.


ரொறன்ரோ சின்னவன் | சனி, காலை 6.50

வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். மச்சாளுக்கு யார் சொன்னது? அவர் என்ன சொன்னார்?


கொக்குவில் மருமகள் | சனி, இரவு 9.30

மாமாவே சொன்னார். நேற்று இரவு வீடியோவில் மூன்று பிள்ளைகளையும் ஒன்றாகக் கூப்பிடச் சொன்னார். நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதனால் எனக்கும் சபையில் இடம் கிடைத்தது.

கொழும்புக்குப் போகமாட்டாராம். சேலைன் ஏற்றிக் கட்டிலில் கட்டிவைக்கக் கூடாதாம். சாப்பிட மனமில்லாத நாளில் வாயைத் திறந்து ஊட்டக் கூடாதாம். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார், ஏனென்றால் நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். விறாந்தையில் மாமரம் தெரிகிற பக்கம் கட்டில் போடவேண்டும். மச்சாள் காசு அனுப்பத்தான் வேண்டும் என்றால் காற்று மெத்தை வாங்கித் தரட்டும், மிச்சக் காசில் டிக்கெட் போட்டு, தான் கதைக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே வரட்டும். "செத்தவீட்டுக்கு வாறதென்றால் ஆறுதலாக வரலாம்" என்றார். மச்சாள் அழுதார். அத்தான் கமெராவை நிறுத்திவிட்டார், ஆனால் லைனில்தான் நின்றார், மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

சட்டப்படி செல்லுமா தெரியாது, ஆனால் சொன்ன எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தான் கதைக்க முடியாமல் போனால் யாரைக் கேட்கவேண்டும் என்ற இடத்தில் என்னவரின் பெயரையும், அதற்குக் கீழே என் பெயரையும் எழுதியிருக்கிறார். உறையில் போட்டுவிட்டேன், விதானையார் மகன் சொன்ன லாச்சியில்.


நல்லூர் வெயில் | ஞாயிறு, காலை 8.00

பெரியப்பா கதையை நான் திருப்பி எடுக்கவில்லை. ஆனாலும் உங்கள் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கோ.

அடுத்த தெருவில் ஒரு வீட்டில் சரிக்கக்கூடிய கட்டில் சும்மா கிடக்கிறது. வேண்டுமென்றால் தனிமடலில் எழுதுங்கோ, ஓட்டோவில் கட்டிக்கொண்டு வந்து தருகிறேன்.


கொக்குவில் மருமகள் | செவ்வாய், காலை 6.20

கட்டில் வந்துவிட்டது, நன்றி வெயில். மச்சாள் இருபத்தெட்டாம் திகதி வருகிறார்.

மருந்துக் கொப்பியை மாமா என்னிடம் இருந்து பறித்துவிட்டார். என் கணக்கு வடிவில்லையாம். தபால் கந்தோர்ப் பேரேடு மாதிரிக் கோடு கிழித்து, திகதி, நேரம், குளிசை, ஒப்பம் என்று நாலு நிரல். நேற்று இரவு இரண்டு மணிக் குளிசைக்கு நான் கொஞ்சம் அயர்ந்துவிட்டேன். காலையில் பார்த்தால் அந்த வரியில் 2.20 என்று எழுதி, பக்கத்தில் "தாமதம்" என்று சிவப்புப் பேனையால் அடிக்கோடு போட்டிருக்கிறார். என் ஒப்பத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார். போய்ப் போடவேண்டும்.